வீட்டுக்குக் கொள்கை இல்லை: தானாக வந்திறங்கும் ட்ரைவர்கள் பற்றி

சிதம்பரத்தில் ஒரு தோழரின் வீடு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணி. மறுநாள் திங்கள், கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். சிப்காட்டை ஒட்டிய ஊர்க்காரர்கள் தங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கொடுக்கவேண்டிய மனு, கையெழுத்துப் பட்டியல், பழைய மனுக்களின் நகல் என்று 40 பக்கத்துக்கு மேல் தயாராக இருந்தது. தட்டச்சு செய்தது தோழர். பிழை பார்க்கிறேன் என்று நான் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன். சாயங்காலம் ஒரு பக்கம் எடுத்துப் பார்த்தோம், சுத்தமாக வந்தது. திருத்தம் எல்லாம் போட்டுவிட்டுச் சாப்பிட எழுந்து போனோம். திரும்பி வந்தால் கணினி தன்னைத்தானே அணைத்துக்கொண்டு மறுபடி எழுந்து உட்கார்ந்திருக்கிறது. பிரிண்டர் பெயருக்குப் பக்கத்தில் புதுசாக ‘காப்பி 1’ என்று ஒரு வால். தாளை இழுக்கிறது, வெள்ளையாகவே வெளியே தள்ளுகிறது.

கணினி பழுது பார்க்கும் தம்பிக்கு போன் போட்டோம். தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

“ட்ரைவர் மாறியிருக்கும்ணா. ஏதாவது அமுக்குனீங்களா?”

“நாங்க எதையும் அமுக்கலப்பா.”

“அதான்ணா. அமுக்காம விட்டதாலதான் வந்திருக்கு.”

இந்த வாக்கியத்தை நான் பிற்பாடு பலநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே செய்யாமல் இருப்பது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும் ஓர் ஏற்பாடு நம் வீட்டுக்குள், மேசைமேல் இருக்கிறது. பிரிண்டர் எந்தக் கம்பெனியினுடையது, கணினி யாருடையது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பெயரைச் சொல்லித் திட்டிவிட்டால் சமாச்சாரம் அந்தக் கம்பெனியோடு முடிந்துபோகும். உண்மையில் அன்றைக்கு வந்திறங்கிய ட்ரைவரை எழுதியவர் யார், சரிபார்த்தவர் யார், அனுப்பியவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டும்படியாகத்தான் அந்தச் சங்கிலி கட்டப்பட்டிருக்கிறது.

கணினி பற்றிச் சிறுபத்திரிகைகளில் நாம் பேசியதெல்லாம் இரண்டு வகைதான். ஒன்று, எழுத்துரு, விசைப்பலகை, யூனிகோடு என்று மொழி சார்ந்த பேச்சு. இன்னொன்று, தகவல் யுகம், கண்காணிப்புச் சமூகம் என்று ஆகாயத்திலிருந்து பார்க்கிற பேச்சு. இரண்டுக்கும் நடுவே, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் விஷயம் விட்டுப்போயிற்று. அதை ‘டெக்னிக்கல்’ என்று ஒதுக்கி, பழுது பார்க்கும் தம்பியிடம் தள்ளிவிட்டோம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அதிகாரம் நுண்ணிய இடங்களில் எப்படி வேலை செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள், நுண்ணிய இடம் ஒன்று நம் மேசைக்கடியிலேயே கிடக்கும்போது குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.

ட்ரைவர் என்றால் என்ன? கணினிக்குப் பிரிண்டரின் பாஷை தெரியாது, பிரிண்டருக்குக் கணினியின் பாஷை தெரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுகிற துபாஷிதான் ட்ரைவர். கணினித் தமிழில் ‘இயக்கி’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். நாகர்கோவில்காரர் ஒருவரிடம் ‘இயக்கி கெட்டுப்போச்சு’ என்றேன். அவர் ஊரில் இயக்கி என்றால் இசக்கி, கொடை கொடுத்துச் சாந்தப்படுத்த வேண்டிய அம்மன். அர்த்தம் அப்படியொன்றும் தப்பாகிவிடவில்லை. ஆனால் எனக்குத் துபாஷிதான் பொருத்தமாகப் படுகிறது. ஒருபக்கம் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் ஆங்கிலக் கம்பெனி, இன்னொரு பக்கம் புதுச்சேரியில் துய்ப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை என்று துபாஷிகளின் கையில் வரவுசெலவு நடந்த கடற்கரை இது. துபாஷி இல்லாமல் எதுவும் நடக்காது. துபாஷி யார் பக்கம் என்பதுதான் எப்போதும் கேள்வி.

மலிவான பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சார்பு இன்னும் அதிகம். விலை கூடின பிரிண்டருக்குள்ளேயே ஒரு சின்னக் கணினி இருக்கும், பக்கத்தை எப்படி வரைவது என்று அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900 மாதிரி நம் ஊர் டிடிபி கடைகளிலும் வீடுகளிலும் பார்க்கக் கிடைக்கும் எந்திரங்களில் அந்த மூளை கிடையாது. கணக்கு முழுக்க நம் கணினியில், ட்ரைவருக்குள் நடக்கிறது. 1020இல் ஒவ்வொருமுறை சுவிட்ச் போடும்போதும் அதன் ஃபர்ம்வேரையே ட்ரைவர்தான் உள்ளே ஏற்றிவிட வேண்டும். ஆக, ஏழையின் பிரிண்டர் துபாஷி சொல்வதை மட்டுமே கேட்கும். அந்தத் துபாஷியை ராத்திரியில் யாராவது மாற்றிவிட்டால் நம் கையில் இருப்பது வெறும் பெட்டி.

யார் மாற்றுகிறார்கள்? விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29. அதற்கு முந்தைய பதிப்புகளில் புதுப்பிப்புகளை வேண்டும், வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க இடம் இருந்தது. விண்டோஸ் 10இன் வீட்டுப் பதிப்பில் அந்த இடம் எடுக்கப்பட்டது. பாதுகாப்புத் திருத்தங்களோடு சேர்த்து வரைகலை அட்டை, ஒலி அட்டை, பிரிண்டர் ஆகியவற்றின் ட்ரைவர்களும் அதே குழாய் வழியாக வந்தன. வெளியான அதே மாதத்திலேயே நிவிடியா வரைகலை அட்டை வைத்திருந்த சிலருக்குத் திரையில் கோளாறு வந்தது. பழைய ட்ரைவரைத் திரும்பப் போட்டால், கணினி மறுபடியும் புதியதை இறக்கிக்கொண்டது. வேண்டாத ஒரு புதுப்பிப்பை மறைத்துவைக்கும் சின்னக் கருவி ஒன்றை மைக்ரோசாஃப்ட் அப்போதே தனியாகத் தரவேண்டி வந்தது. அது விண்டோஸுக்குள் இல்லை, தெரிந்தவர்கள் தேடிப்போய் இறக்கிக்கொள்ள வேண்டும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய வருஷம் நடந்தது. எஃப்டிடிஐ என்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு கம்பெனி. யூஎஸ்பி வழியாகச் சாதனங்களைக் கணினியோடு பேசவைக்கும் ஒரு சின்னச் சில்லைத் தயாரிக்கிறது. அந்தச் சில்லுக்கு உலகம் முழுக்கப் போலிகள் உண்டு. 2014இல் அதன் புதிய ட்ரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாகவே வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. போலிச் சில்லைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிடும். அதன்பிறகு அந்தச் சாதனத்தைக் கணினிக்கு அடையாளம் தெரியாது. போலியைத் தயாரித்தவனுக்கு இதில் ஒரு சேதமும் இல்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிய மாணவனுடைய சாதனம்தான் செத்துப்போனது. உள்ளே இருப்பது அசலா போலியா என்று அவன் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. அக்டோபரில் கூச்சல் எழுந்ததும் அந்த ட்ரைவர் திரும்பப் பெறப்பட்டது. 2016இல் அதே கம்பெனியின் இன்னொரு ட்ரைவர் வேறு தந்திரம் செய்தது. சாதனத்தைக் கொல்லவில்லை, அதன் வழியாகப் போகும் தகவலுக்குப் பதிலாக ‘இது அசல் அல்ல’ என்ற பொருளில் ஒரு வாசகத்தை அனுப்பியது. துபாஷி வியாபாரியின் ஆளாக மாறி, வாங்கியவனைத் திருடன் என்று அறிவித்த கதை. அதே 2016 செப்டம்பரில் எச்பி நிறுவனத்தின் சில பிரிண்டர்கள், முன்பே உள்ளே போயிருந்த ஃபர்ம்வேரின் உத்தரவுப்படி, பிற கம்பெனிகளின் மைக் கெட்டிகளை ஏற்க மறுத்தன. எதிர்ப்புக்குப் பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அந்தத் தடை இல்லாத ஃபர்ம்வேரை விருப்பமுள்ளவர்களுக்குக் கொடுத்தது. காட்ரிட்ஜில் மை ஊற்றிப் பிழைக்கும் கடைகள் நிறைந்த ஊர்களில் இருக்கிற நமக்கு இதன் அர்த்தம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆக, ‘புதுப்பித்தல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. புதுசு என்றால் நல்லது என்பது அதற்குள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. ஓட்டையை அடைப்பதும், ஓடிக்கொண்டிருப்பதை மாற்றுவதும், வியாபாரத்தைக் காப்பாற்றுவதும் எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எது எதற்காக என்று கேட்கிறவன் பிற்போக்குவாதி ஆகிவிடுகிறான்.

இப்போது பிரதிக்கு வருவோம். ட்ரைவர்கள் வருவதைத் தடுக்கும் முதல் இடம் எல்லாப் பதிப்புகளிலும் இருக்கிறது. ஸ்டார்ட்டில் ‘டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்’ என்று தட்டித் தேடினால் ஒரு சின்னச் சதுரம் திறக்கும். அதில் ஒரு கேள்வி: உங்கள் சாதனங்களுக்காகத் தயாரிப்பாளர்கள் தரும் செயலிகளையும் சிறுபடங்களையும் தானாக இறக்கிக்கொள்ளலாமா? கவனியுங்கள், ட்ரைவர் என்ற சொல்லே கேள்வியில் இல்லை. ஐக்கான் படம் வேணுமா என்று குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்கிறது. விடை இரண்டு. ‘ஆம்’ என்பதற்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், இதுவே பரிந்துரைக்கப்படுகிறது என்று இருக்கும். ‘இல்லை’ என்பதற்குப் பக்கத்தில், அதே அடைப்புக்குறிக்குள், உங்கள் சாதனம் எதிர்பார்த்தபடி வேலை செய்யாமல் போகலாம் என்று இருக்கும். ஆமாம் என்பவனுக்கு ஆசீர்வாதம், இல்லை என்பவனுக்கு மிரட்டல். கருத்தியல் நம்மை விளித்துத் தன்னிலையாக ஆக்குகிறது என்று அல்துசர் சொன்னதைப் படித்துவிட்டு உதாரணம் தேடித் திரிந்தவர்கள் இந்தச் சதுரத்தைத் திறந்து பார்க்கலாம். அங்கே ‘இல்லை’யைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். ஆனால் இது அரைக்கதவுதான். இதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களுக்கும் ட்ரைவர் வந்திறங்கியதுண்டு.

முழுக்கதவு வேறிடத்தில் இருக்கிறது, அங்கேதான் வர்க்கம் வருகிறது. ‘ப்ரோ’ பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு ‘குரூப் பாலிசி எடிட்டர்’ என்று ஒரு கருவி உண்டு. அதில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனன்ட்ஸ், விண்டோஸ் அப்டேட் என்று ஒவ்வொரு படியாக இறங்கினால் (விண்டோஸ் 11இல் அதற்குள் இன்னும் ஒரு படி) விண்டோஸ் புதுப்பிப்புகளோடு ட்ரைவர்களைச் சேர்க்காதே என்று பொருள்படும் ஒரு வரி இருக்கும். 2016இல் வந்த 1607ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. அதை ‘எனேபிள்டு’ ஆக்கினால் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், ட்ரைவர்கள் வராது. நமக்கு வேண்டியது துல்லியமாக இதுதான்.

‘ஹோம்’ பதிப்பில் இந்தக் கருவியே கிடையாது. வீடு என்று பெயர் வைத்துவிட்டு வீட்டிலிருப்பவர்களுக்குக் கொள்கை எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். பாலிசி என்பது அலுவலகத்துக்கு, நிறுவனத்துக்கு, அதை நிர்வகிக்கச் சம்பளம் வாங்குகிற ஆளுக்கு. வீடு என்பது கொள்கை இல்லாத, முடிவெடுக்கத் தெரியாத, பிறர் நல்லது செய்துவைக்க வேண்டிய இடம். வீட்டைப் பற்றிய இந்தச் சொல்லாடல் நமக்குப் புதிதா என்ன? வீட்டிலிருக்கும் பெண்களைப் பற்றிக் காலகாலமாகச் சொல்லப்பட்டதுதான் இது. எங்கள் தோழரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, “கம்ப்யூட்டர் வாங்கறப்ப கடைக்காரர் ஹோமா ப்ரோவான்னே கேக்கல தோழர். வீட்டுக்குத்தானேம்மான்னு சொல்லிப் போட்டுக் குடுத்துட்டார்” என்றார்.

ஆனால் கொள்கையைத் திருத்தும் கருவியைத்தான் எடுத்தார்களே தவிர, கொள்கை எழுதிவைக்கும் ஏட்டை எடுக்கவில்லை. அந்த ஏட்டுக்குப் பெயர் ரெஜிஸ்ட்ரி. ஸ்டார்ட்டில் ‘ரெஜ்எடிட்’ என்று தட்டித் திறக்கலாம். இங்கே கை நடுங்கவேண்டும், தப்பான இடத்தில் அழித்தால் கணினி எழுந்திருக்காது. அதனால் முதலில் ஃபைல் மெனுவில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து முழு ஏட்டையும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஹெச்கீ லோக்கல் மெஷின், அதற்குள் சாஃப்ட்வேர், அதற்குள் பாலிசீஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ். பாலிசீஸ் என்ற உறை வீட்டுக் கணினியிலும் இருப்பதைக் கவனியுங்கள். விண்டோஸுக்குள் ‘விண்டோஸ்அப்டேட்’ என்று ஓர் உறை இல்லையென்றால் வலது சொடுக்கில் நாமே ‘கீ’ உண்டாக்க வேண்டும். அதற்குள் 32 பிட் ‘டீவேர்ட்’ மதிப்பு ஒன்று. அதன் பெயர்: எக்ஸ்க்ளூட் டபிள்யூயூ ட்ரைவர்ஸ் இன் குவாலிட்டி அப்டேட். ஆங்கிலத்தில், இடைவெளியே இல்லாமல், ஒரே சொல்லாக அடிக்க வேண்டும். ‘டபிள்யூயூ’ என்று எழுதியிருப்பது விண்டோஸ் அப்டேட்டின் இரண்டு முதலெழுத்துகள் மட்டுமே. மதிப்பு 1. கணினியை மறுபடி தொடங்கவேண்டும். மனம் மாறினால் அந்த மதிப்பை அழித்துவிட்டால் பழையபடி ஆகிவிடும். வீட்டுப் பதிப்புக்கு இப்படிச் செய்யலாம் என்று அதிகாரப்பூர்வமாக யாரும் உறுதி தரவில்லை. பலர் செய்து பார்த்துத்தான் பரவியது, எங்களுக்கும் நடந்தது.

சின்னச் சின்ன வழிகளும் உண்டு. போனிலிருந்து ஹாட்ஸ்பாட் வைத்துப் பிழைக்கிறவர்கள் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்துவிட்டால், அளந்து கொடுக்கும் இணைப்பில் ட்ரைவர்களை இறக்காமல் இருக்கும், அதற்கான அனுமதிப் பொத்தான் அணைந்திருக்கும்வரை. 2019இல் வந்த 1903ஆம் பதிப்பிலிருந்து வீட்டுக்காரர்களுக்கும் ‘பாஸ்’ என்று ஒன்று கிடைத்தது. அதிகபட்சம் 35 நாள் தள்ளிப்போடலாம், பிறகு வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டால்தான் அடுத்த தவணை. கந்துவட்டிக்காரன் கொடுக்கும் அவகாசம் மாதிரி. ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ என்ற பட்டியலில் ட்ரைவர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால், புதுசாயிற்றே என்று எல்லாவற்றையும் டிக் அடிக்கவேண்டாம். ஏதாவது ஒரு சாதனம் உண்மையிலேயே கோளாறு செய்தால் மட்டும் அந்தப் பக்கம் போனால் போதும்.

வந்து இறங்கிவிட்டது, இனி என்ன செய்ய? டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, ட்ரைவர் என்ற தாவலில் ‘ரோல் பேக் ட்ரைவர்’ என்று தேடுங்கள். அமுக்கினால் பழைய துபாஷி திரும்பி வருவார். எங்களுக்கு அன்றைக்கு இதுகூடக் கைகொடுக்கவில்லை. பிரிண்டருக்கு அப்படியொரு பொத்தானே கண்ணில் படவில்லை. பழையவரைக் கணினி தன்னிடம் வைத்திருக்காவிட்டால் பொத்தான் இருந்தாலும் சாம்பல் பூத்துத்தான் கிடக்கும். அந்த மாதிரி நேரத்தில் சாதனத்தை நீக்கி, நீக்கும்போது ட்ரைவர் மென்பொருளையும் சேர்த்து அழித்துவிட்டு, தயாரிப்பாளர் கொடுத்த பழைய நிறுவியை மறுபடி ஓட்டவேண்டும். பழைய நிறுவி இருந்ததே பிரிண்டரோடு வந்த குறுந்தகட்டில்தான். குறுந்தகடு போட அந்தக் கணினியில் வாய் இல்லை.

இவ்வளவும் எழுதியபிறகு இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் அது அயோக்கியத்தனம். இதைப் படித்துவிட்டு யாராவது அப்டேட் சேவையையே மொத்தமாக நிறுத்திவிட்டால், அதைவிட ஆபத்து வேறில்லை, முக்கியமாகச் செயல்பாட்டாளர்களுக்கு. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியை ஆராய்ந்த ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021இல் தன் அறிக்கையைத் தந்தது. 2016 ஜூனில் மின்னஞ்சல் வழியாக உள்ளே நுழைந்த நெட்வயர் என்ற வேவு மென்பொருள் மூலம் யாரோ 22 மாதங்களுக்கு மேல் அந்தக் கணினிக்குள் இருந்தார்கள், வழக்கில் சாட்சியமாகக் காட்டப்பட்ட கடிதங்கள் அப்படி உள்ளே வைக்கப்பட்டவை என்பது அதன் முடிவு. எந்தப் புதுப்பிப்பும் அதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, திறந்த இணைப்பு வழியாக வந்தது அது. நம் கணினிக்குள் நுழைய யாருக்கு ஆசை என்பதைத்தான் சொல்கிறேன். ஓட்டையை அடைக்கும் திருத்தங்களை மறுப்பது அவர்களுக்குத் திண்ணை போட்டுக் கொடுப்பது.

ட்ரைவர்களிலேயேகூட ஓட்டை உண்டு. வரைகலை அட்டை, ஒலி அட்டை போன்றவற்றின் ட்ரைவர்கள் கணினியின் கெர்னல் என்ற கருவறைக்குள் நின்று வேலை செய்கின்றன. பிரிண்டர் ட்ரைவர் பொதுவாக அவ்வளவு உள்ளே போவதில்லை. ஆனால் அதை ஏற்றி இயக்கும் ஸ்பூலர் என்ற சேவை கணினியின் உச்ச அதிகாரத்தோடு ஓடுகிறது. 2021 கோடையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்று பெயரிடப்பட்ட ஓட்டை அங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது. பிரிண்டர் ட்ரைவர் என்ற வேஷத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்ற நிலை. சரி, முத்திரை உள்ள ட்ரைவரை மட்டும் நம்பலாமே என்றால், 2010இல் ஈரானின் அணு நிலையத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் கொண்டுவந்த ட்ரைவர்களில் ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு உண்மையான கம்பெனிகளின் திருடப்பட்ட முத்திரைகள் இருந்தன. கருவறைக்குள் ஒரு பிழையான கோப்பு போனால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு புதுப்பிப்பில், மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி, 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் உறைந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அடிபட்டது கொள்கை வைத்திருந்த நிறுவனங்கள். கொள்கை இல்லாத வீடுகள் பெரும்பாலும் தப்பின. இதுவும் கணக்கில் சேரவேண்டும்.

ஆகவே புதுப்பிப்பு வேண்டுமா வேண்டாமா என்று மொத்தமாகக் கேட்பதே பிழை. ஓட்டையை அடைப்பது வரட்டும். ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டரின் துபாஷியை மாற்றுவதென்றால் என்னைக் கேள். இந்தப் பிரிவினையைச் செய்யும் உரிமைதான் வீட்டுப் பதிப்பில் இல்லாமல் போனது. கிராம்ஷி இசைவு என்று சொன்னதாவது மக்களிடம் பேசி, வற்புறுத்தி, நம்பவைத்துப் பெறப்படுவது. இங்கே அந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ளப்படவில்லை. நீ சாப்பிட எழுந்து போனாயா, இசைந்துவிட்டாய்.

சரித்திரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டற்ற மென்பொருள் இயக்கம் தொடங்கியதே ஒரு பிரிண்டரை முன்னிட்டுத்தான். அமெரிக்காவில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு, 1980 வாக்கில், ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரை நன்கொடையாகக் கொடுத்தது. அது அடிக்கடி தாள் சிக்கி நின்றுவிடும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அதற்கு முந்தைய பிரிண்டரின் மென்பொருளைத் தானே திருத்தி, சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் சேதி போகும்படி செய்திருந்தார். புதியதற்கும் அப்படிச் செய்யலாம் என்றால் அதன் மூலநிரல் கையில் இல்லை. அது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்து நேரில் போய்க் கேட்டார். வெளியே தரமாட்டேன் என்று கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். 1983இல் குனு திட்டத்தை அறிவித்த மனிதருக்கு அந்த மறுப்பு மனசில் இருந்தது. துபாஷி என்ன பேசுகிறான் என்று படித்துப் பார்க்கும் உரிமை, பிடிக்காவிட்டால் திருத்தும் உரிமை. பிரச்சினை அன்றிலிருந்து அதேதான்.

லினக்ஸில் பெரும்பாலான ட்ரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன, எப்போது புதுப்பிப்பது என்பது நம் கையில் இருக்கிறது. எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். மேலே சொன்ன மூளையில்லாத பிரிண்டர்களை லினக்ஸில் ஓடவைக்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பலி கொடுத்திருக்கிறேன். நம் மாநிலத்தில் இதற்கு ஒரு சந்தர்ப்பம் வந்துபோனது. 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பகால எந்திரங்களில் விண்டோஸோடு, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. எந்த மாணவரிடம் கேட்டாலும், அதை அழித்து இடம் பண்ணினோம் என்பதுதான் பதில். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் கொடுக்கப்பட்ட விடுதலை அப்படித்தான் ஆகும். சொல்லிக்கொடுக்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு, புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம். கடலூரிலிருந்து ஒரு பஸ் தூரம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. பழைய வீட்டுக் கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. வேண்டாம் என்று சொன்னபோது வந்து குவிந்தது, வேண்டும் என்கிறபோது நின்றுபோகிறது. அப்படிப்பட்ட எந்திரம் வைத்திருக்கிறவர்கள் அந்தக் குழுக்களை ஒருமுறை பார்ப்பது நல்லது.

அந்த ராத்திரி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு மணி வரை போராடிவிட்டு, கோப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு படுத்தோம். விடிகாலை முதல் பஸ். புதுச்சத்திரம் தாண்டும்போது தோழர் பையைத் திறந்து பென் டிரைவ் இருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகப் பார்த்தார். கடலூரில் திறந்திருந்த முதல் ஜெராக்ஸ் கடையில் எடுத்தோம். வரிசையில் ஊர்க்காரர்கள் ஏற்கனவே நின்றிருந்தார்கள். மனுவைக் கொடுத்து எண் வாங்கியாயிற்று.

அடுத்த வாரம் பழுது பார்க்கும் தம்பி வந்து, பழைய ட்ரைவரை எங்கிருந்தோ தேடிப் போட்டுக்கொடுத்தான். ரெஜிஸ்ட்ரியில் அந்த நீளமான பெயரைத் தோழரே அடித்தார், இரண்டு தடவை தப்பாக, மூன்றாவது தடவை சரியாக. ஓடிக்கொண்டிருக்கும் ட்ரைவர்களை அப்படியே நகலெடுத்து வைக்க விண்டோஸுக்குள்ளேயே ‘பிஎன்பியூட்டில்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது என்று தம்பி காட்டினான். எடுத்த நகலை ஒரு பென் டிரைவில் போட்டு, பழுப்பு உறையில் வைத்து, மனு நகல்கள் இருக்கும் கோப்பிலேயே சொருகியிருக்கிறோம். உறைமேல் தோழர் தேதி எழுதி, கீழே ‘இதைத் தொடாதீர்கள்’ என்று அடிக்கோடிட்டிருக்கிறார்.